46,000 ரூபாய் போச்சு: லாண்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

மெஷினைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று பணம் வாங்கின ஆள் இன்று காலையில்தான் கடைசியாகப் போனை எடுத்தான். "உங்க மெஷினே பழசுங்க்கா" என்று சொல்லிக் கட் செய்துவிட்டான். அந்தக் கோபத்தோடு எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் ஹாஸ்டல், லாட்ஜ் பெட்ஷீட்களைத் துவைத்துக் கொடுக்கும் சின்ன லாண்டரி எங்களுடையது. இரண்டு வருடமாக முழுக்கப் போர்த் தண்ணீர். அந்தத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பிசுக்காகிவிடும். 60 கிலோ மெஷினின் வெளி டிரம்மிலும் டிரெயின் வால்விலும் அது மெழுகு மாதிரி படிந்து, 2 நிமிஷத்தில் வடிகிற தண்ணீர் 12 நிமிஷம் நின்றது. வெந்நீரில் காஸ்டிக் சோடா போட்டு ஓட்டினோம், அசையவில்லை.

மெஷினைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று மொத்த வியாபாரத்துக்கான ஒரு ஆன்லைன் தளத்தில் விசாரணை போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் போன். மறுநாள் இரண்டு பையன்கள் நேரில் வந்தார்கள். ஒருத்தன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். டிரெயின் குழாயில் கையை விட்டு ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து, விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சுண்ணாம்பு இல்லீங்க, சோப்பு. காஸ்டிக்குக்குப் போகாதுங்க" என்றான். சரியாகத்தான் சொன்னான்! நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். இவ்வளவு தெரிந்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பி, சீட்டுப் பணத்திலிருந்து 46,000 ரூபாயை முழுசாக அங்கேயே ஜிபே செய்தேன். பில் மெயிலில் வரும் என்றார்கள். வரவே இல்லை.

"ஸ்டீலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று நீலக் கலர் திரவம் நான்கு கேன் கொண்டுவந்து ஊற்றினார்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மெஷினுக்குள் வெள்ளைத்துணிக்குப் போட்ட ஹைப்போ, அதாவது துணி வெளுக்கிற பிளீச், மிச்சம் இருந்திருக்கிறது. எங்களிடம் வேலை செய்யும் அம்மா கதவுப் பக்கம் போனதும் மூச்சு முட்டி இருமி வெளியே ஓடிவந்தார். ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழித்திருப்பேன்?

மூன்றாம் நாள் டிரம்மில் பழுப்புப் புள்ளிகள், குத்தூசியால் குத்தின மாதிரி குழி குழியாக. வால்விலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கள் மெக்கானிக் மிச்சக் கேனைத் திறந்தார், வெள்ளைப் புகை எழும்பியது. "இது கக்கூஸ் கழுவுற ஆசிட்டுங்க, கலர் போட்டிருக்கானுங்க" என்றார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருக்கிற குளோரைடு, எவர்சில்வரை இப்படித்தான் துளைக்குமாம்.

போன் செய்தால் முதலில் "சார் மீட்டிங்ல இருக்காருங்க". அப்புறம் "போட்டோ அனுப்புங்க". பதினோரு போட்டோ அனுப்பினேன், நீல டிக் மட்டும் விழுந்தது. அந்தத் தளத்தைக் கேட்டால், வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பதோடு தங்கள் வேலை முடிந்ததாம். 46,000 ரூபாய்! இரண்டு பேருடைய இரண்டு மாதச் சம்பளம் அது.

எப்படிச் சுத்தம் செய்வது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. மெக்கானிக் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சல்ஃபாமிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ போதுமாம், இரண்டுமே வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். அதற்கு முன் ஹைப்போ துளிகூட இல்லாமல் அலசிவிட வேண்டும். அமிலம் பிசுக்கை உடைத்தால் கொழுப்பு பிரிந்து வரும், அலசிவிட்டு அதைக் காரம் கலந்த வெந்நீரில் எடுக்க வேண்டும். தண்ணீரிலிருந்து கால்சியம், மெக்னீசியத்தை எடுக்கிற சாஃப்ட்னர் கருவி வைக்காமல் அதே போர்த் தண்ணீரை விட்டால் திரும்பவும் அடைக்கும்.

தயாரித்தவர் பெயர் இல்லாத கேனை உள்ளே விடாதீர்கள். பில் கைக்கு வராமல் பணம் போடாதீர்கள். நான் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். கோவை, திருப்பூர்ப் பக்கம் நீலக் கேனோடு இரண்டு பையன்கள் வந்தால், ஊற்ற விடுவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.