இரட்டைப் பார்வைக்குப் பிரெனல் ஒட்டுப் பிரிசம்: வாங்கலாமா?

தலைக்காயத்தில் ஆறாவது நரம்பு பாதிக்கப்பட்டால் கண் வெளிப்பக்கம் சரியாகத் திரும்பாது. வீதியில் வரும் ஒரு பஸ் அருகருகே இரண்டாகத் தெரியும். அதற்குத்தான் மூக்குக்கண்ணாடி வில்லையில் ஒட்டி, ஒளியை வளைத்து இரண்டு உருவங்களையும் ஒன்றாக்கும் இந்த மெல்லிய பிளாஸ்டிக் தகடு, தடிப்பு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். நரம்பு தேறத் தேற பிரிசம் அளவும் மாறும். முதல் ஆறேழு மாதங்களுக்குள் நிரந்தரப் பிரிசம் வில்லைக்குக் காசு செலவழிப்பது வீண். இதில் தகட்டை மட்டும் மாற்றினால் போதும்.

பசை தேவையில்லை. கத்தரிக்கோலால் வில்லையின் வடிவத்துக்கு வெட்டி, இளஞ்சூட்டு நீருக்குள் வைத்தே வில்லையின் உட்பக்கத்தில் பதிக்க வேண்டும். வழுவழுப்பான பக்கம் வில்லையோடு, கோடுள்ள பக்கம் கண்ணை நோக்கி. நடுவிலிருந்து ஓரத்துக்குக் குமிழிகளைத் தள்ளுங்கள். முதல் நாள் துடைக்கவே வேண்டாம். ஆறாவது நரம்புக்குப் பிரிசத்தின் தடித்த அடிப்பக்கம் காதுப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி ஒட்டினால் உருவங்கள் இன்னும் விலகும். கடையை விட்டு இறங்குமுன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

குறைகளும் உண்டு. பிரிசத்தின் வலுவைக் குறிக்கும் டயொப்டர் கூடக் கூடப் பார்வை கலங்கும். இரவில் முச்சக்கர வண்டி வெளிச்சம் கோடுகளில் சிதறும். கோடுகளுக்குள் தூசி அடையும்: மென்மையான தூரிகையும் தண்ணீரும் போதும், ஸ்பிரிட் வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகும்.

கண்ணை அசைக்கும் இன்னொரு நரம்பான நாலாவது நரம்பின் பாதிப்பில் உருவம் சரிந்து தெரிந்தால், அந்தச் சரிவை எந்தப் பிரிசமும் நிமிர்த்தாது. இமை புதிதாகத் தொங்கினாலோ கடுந்தலைவலி வந்தாலோ கண்ணாடிக் கடைக்கல்ல, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.