சிஓ2-வ வெளிச்சத்துல மாத்த எது தேறும்: டைட்டானியாவா, ரீனியமா, கார்பன் நைட்ரைடா?

கார்பன் டை ஆக்சைட (சிஓ2) எரிபொருளாவோ வேற கெமிக்கலாவோ மாத்தணும். ரூம் டெம்பரேச்சர், சாதா பிரஷர், மேல லைட் மட்டும். இந்த கண்டிஷன்ல எந்த கேட்டலிஸ்ட் (ரியாக்சன வேகப்படுத்துற பொருள்) நல்லதுன்னு கேட்டா எல்லாரும் ஈல்டு நம்பரத்தான் (எவ்ளோ பொருள் கெடைச்சுதுன்னு) நீட்டுவாங்க, நான் மொதல்ல பாக்குறது சிஓ2-வ மாத்த வேண்டிய எலக்ட்ரான யார் குடுக்குறாங்கன்னு.

டைட்டானியாங்குற டைட்டானியம் டை ஆக்சைடு பழைய ஆளு. 1979-லயே இனோவே, ஃபுஜிஷிமா, ஹோண்டான்னு ஜப்பான் விஞ்ஞானிங்க எல்லாம் சேந்து தண்ணில டைட்டானியா மாதிரி செமிகண்டக்டர் பவுடர போட்டு லைட் அடிச்சு ஃபார்மால்டிஹைடு, மெத்தனால் எடுத்து காட்டிட்டாங்க. மலிவு, கெட்டுப்போகாது, எலக்ட்ரான் தண்ணிலருந்தே வருது, அதாவது யாருக்கும் கடன் இல்ல. ஆனா பேண்ட் கேப் (எலக்ட்ரான எழுப்ப வெளிச்சம் குடுக்க வேண்டிய கொறஞ்சபட்ச எனர்ஜி) 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதனால யூவி மட்டும்தான் உள்ள போகும், சூரிய வெளிச்சத்துல அது சுமார் 5 சதவீதம்தான். அதுலயும் நெறைய எலக்ட்ரான் வேலைய பாக்காம ஹைட்ரஜன் பக்கம் ஓடிரும், ஏன்னா சிஓ2-க்கு ஒத்த எலக்ட்ரான ஏத்தணும்னா மைனஸ் 1.9 வோல்ட் கிட்ட வேணும், ஹைட்ரஜனா மாறுற புரோட்டானுக்கு அவ்ளோ கஷ்டம் கெடையாது.

ரீனியம் பைபிரிடின் காம்ப்ளெக்ஸ் (ரீனியம் உலோகத்தோட பைபிரிடின்ங்குற ஆர்கானிக் மூலக்கூறு ஒட்டுனது) அப்டியே உல்டா. 1983-ல வேதியியலாளர் லென் குழு காட்டுனது, விசிபிள் லைட்லயே ஓடும், கார்பன் மோனாக்சைடுதான் வரும், கண்டதெல்லாம் கலந்து வராது. பாக்க அவ்ளோ சுத்தமா இருக்கும். ஆனா பக்கத்துல ட்ரை எத்தனால் அமீன் ஊத்திக்கிட்டே இருக்கணும், அதுதான் எலக்ட்ரான குடுக்குது, குடுத்துட்டு ஆக்சிடைஸ் ஆகி வீணாப்போயிரும். விலையுள்ள அமீன எரிச்சு மோனாக்சைடு எடுக்குறது என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடல! மெக்கானிசம் படிக்க மட்டும் இத மிஞ்ச ஆள் இல்ல.

கார்பன் நைட்ரைடு நடுவுல நிக்குது. யூரியாவயோ மெலமைனயோ சூடு பண்ணாலே கெடைக்கும், 2.7 எலக்ட்ரான் வோல்ட், நீல வெளிச்சம் வரைக்கும் புடிக்கும். எலக்ட்ரானும் ஹோலும் (எலக்ட்ரான் கெளம்பிப் போன காலி எடம்) சட்டுனு மறுபடி சேந்துக்குறதுதான் தலவலி, அதான் மேல ருத்தேனியம் காம்ப்ளெக்ஸ ஒட்டி ஃபார்மிக் ஆசிட் எடுக்குறாங்க. என் ஓட்டு இந்த ஹைபிரிடுக்குத்தான், ஆனா அங்கயும் நெறைய பேர் அமீன் ஊத்துறாங்க, அத மறந்துறாதீங்க.

இப்போ பேசப்படுற ஹாலைடு பெராவ்ஸ்கைட்டு (இன்னொரு வகை செமிகண்டக்டர்)? தண்ணி பட்டா கரையுது, இப்போதைக்கு விடுங்க.

இன்னொன்னு, கார்பன் நைட்ரைடுலயே கார்பன் இருக்குல்ல, வந்த மோனாக்சைடு சிஓ2-லருந்து வந்துச்சா இல்ல கேட்டலிஸ்டே கரைஞ்சு வந்துச்சான்னு கார்பன்-13 (கொஞ்சம் கனமான கார்பன் ஐசோடோப்பு) உள்ள சிஓ2 போட்டு செக் பண்ணலன்னா அந்த ரிசல்ட்ட நான் படிக்கவே மாட்டேன்.