இடிப்பதா, திருத்துவதா: லண்டன் கவுன்சில் வீடுகளுக்கு முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

குடியிருப்பை என்ன செய்யலாம் என்று கேட்டுக் கவுன்சில் அனுப்பும் அந்தக் கையேடு பார்க்க அழகாகவே இருக்கும். வழவழப்பான தாள், முன்பக்கத்தில் மரங்கள், பால்கனியில் பூச்செடி, சைக்கிள் ஓட்டும் ஒரு குழந்தை. உள்ளே மூன்று படங்கள் போட்டிருப்பார்கள். ஒன்று, இருக்கும் கட்டடங்களைத் திருத்துவது. இரண்டாவது, பகுதி பகுதியாக இடித்துக் கட்டுவது. மூன்றாவது, எல்லாவற்றையும் காலி செய்து இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று கடைசியில் ஒரு படிவம்.

லண்டனில் கவுன்சில் குடியிருப்புகளில், அதாவது உள்ளூராட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீடுகளில், தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இப்படி ஒரு கையேடு வந்தபோது மேல்மாடி அம்மா ஒருவர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, இதில கையெழுத்துப் போட்டா என்ர வீடு போயிடுமோ?" என்று கேட்டார். அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு குடியிருப்பிலும் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். படம் எவ்வளவு அழகு என்பதை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிட முடியாது. அந்த அம்மாவின் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில், முழுவதும் இடிப்பது. இதற்கு ஹேகேட் எஸ்டேட்டை விடத் தெளிவான பாடம் இல்லை. (எஸ்டேட் என்றால் இங்கே தேயிலைத் தோட்டம் அல்ல, ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள அடுக்குமாடித் தொகுப்பு.) தென் லண்டனில், சதர்க் கவுன்சிலின் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் 1974இல் கட்டி முடித்தது. ஏறக்குறைய 1,200 வீடுகள், சுமார் 3,000 பேர். வெளியே கான்கிரீட் சுவர்கள் முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் உள்ளே வீடுகள் விசாலமானவை, நடுவே பெரிய பெரிய மரங்கள். லண்டன் மையத்துக்கு நடந்தே போகலாம். அந்த இடம்தான் அந்த மக்களுக்கு வினையாகவும் முடிந்தது.

குடியிருந்தவர்களுக்குப் புது வீடு தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களைக் கிளப்பியபோது அந்தப் புது வீடுகள் எழும்பியிருக்கவில்லை. தற்காலிகமாக எங்கேயாவது போங்கள், கட்டியதும் திரும்பி வாருங்கள் என்ற கணக்கு. ஐந்தாறு வருடம் வேறொரு தெருவில் வாழ்ந்து, பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்த்து, டாக்டரை மாற்றிப் பழகிய குடும்பம் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு வருமா? பெரும்பாலானோர் வரவில்லை. கடைசிக் குடியிருப்பாளர் 2013 நவம்பரில் வெளியேற்றப்பட்டார். நிலத்தைச் சுமார் 5 கோடி பவுண்டுக்கு லெண்ட்லீஸ் நிறுவனத்துக்குக் கொடுப்பதென்று ஒப்பந்தம்; மக்களை வெளியேற்றி இடத்தைக் காலி செய்ய மட்டும் கவுன்சில் செலவழித்தது சுமார் 4 கோடி 40 லட்சம் என்று வெளிவந்தது. புதிய திட்டத்தில் சுமார் 2,500 வீடுகள். அவற்றில் பழைய கவுன்சில் வாடகைக்கு நிகரான சமூக வாடகை வீடுகள் என்று முதலில் அனுமதி பெற்றவை சுமார் 80. ஆயிரத்துக்கு மேல் இருந்த இடத்தில் எண்பது. இந்த ஒரு எண்ணைப் படித்த பிறகு எந்தக் கையேட்டின் படத்தையும் என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

லீஸ்ஹோல்டர்களின், அதாவது ஃபிளாட்டை நீண்ட காலக் குத்தகையில் சொந்தமாக்கியவர்களின், நிலை இன்னும் மோசம். 1980இல் வந்த சட்டத்தால் கவுன்சில் வாடகைக்காரர்கள் தங்கள் ஃபிளாட்டைத் தள்ளுபடியில் வாங்க முடிந்தது. அப்படிக் கடன் வாங்கிச் சொந்தமாக்கியவர்களிடம் இருந்து வீட்டைக் கட்டாயமாகக் கையகப்படுத்தினார்கள். அந்தப் பணத்துக்கு அதே பகுதியில் ஒரு படுக்கையறை வீடுகூடக் கிடைக்கவில்லை. லண்டனின் ஓரங்களுக்கும் அதைத் தாண்டிய ஊர்களுக்கும் போனார்கள். இடிக்கப்போகும் வீட்டுக்குச் சந்தை விலை எப்படி மதிப்பிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருடமாகப் பழுது பார்க்காமல் விட்டு, பாதி வீடுகளைப் பலகை அடித்து மூடிவிட்டு, அப்புறம் வந்து "இதன் விலை இவ்வளவுதான்" என்பார்கள்.

ஹேகேட்டுக்குப் பக்கத்திலேயே எய்ல்ஸ்பரி எஸ்டேட் இருக்கிறது. கட்டியபோது ஏறத்தாழ 2,700 வீடுகள். 1997இல் டோனி பிளேர் பிரதமரானதும் தன் முதல் உரைகளில் ஒன்றை இங்கே வந்துதான் ஆற்றினார். 2001இல் எஸ்டேட்டைக் கவுன்சிலிடம் இருந்து ஒரு ஹவுசிங் அசோசியேஷனுக்கு (கவுன்சில் அல்லாத, லாப நோக்கமற்ற வீட்டு அமைப்புக்கு) மாற்றலாமா என்று கேட்டபோது குடியிருந்தவர்கள் பெரும்பான்மையாக வேண்டாம் என்றார்கள். நான்கு வருடம் கழித்து இடிப்பதே முடிவு என்று கவுன்சில் அறிவித்தது. 2016இல் லீஸ்ஹோல்டர்களின் வீடுகளைக் கட்டாயமாக எடுக்கும் உத்தரவை அரசாங்க அமைச்சரே நிராகரித்தார். அங்கே வாழ்பவர்களின் மனித உரிமையை அது பாதிக்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்த முடிவு நிலைக்கவில்லை, மறு விசாரணையில் உத்தரவு உறுதியானது. ஆனாலும் அந்த ஒரு தீர்ப்பு லண்டன் முழுக்க லீஸ்ஹோல்டர்களுக்கு ஒரு தைரியம் கொடுத்தது.

இரண்டாவது வழி, பகுதி பகுதியாக இடித்துக் கட்டுவது. இதற்கு வடக்கு லண்டனில் ஹாக்னியின் வுட்பரி டவுன். போருக்குப் பின் 1946இல் தொடங்கிய எஸ்டேட், ஏறக்குறைய 2,000 வீடுகள். இங்கே பெர்க்லி நிறுவனம் விற்பனைக்கான வீடுகளைக் கட்டுகிறது. நாட்டிங் ஹில் ஜெனிசிஸ் என்ற ஹவுசிங் அசோசியேஷன் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்கிறது. எல்லாம் முடியும்போது 5,500க்கும் மேல் வீடுகள் வரும்.

ஹேகேட்டோடு வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. மொத்த எஸ்டேட்டையும் ஒரேயடியாகக் காலி செய்யவில்லை. ஒரு பகுதியில் புதுக் கட்டடம் எழும்ப எழும்ப, அடுத்து இடிக்க வேண்டிய கட்டடத்து வாடகைக்காரர்கள் அங்கே மாறுகிறார்கள். பஸ் அதே பஸ், பள்ளி அதே பள்ளி. குடியிருப்பாளர்களுக்கென்று சொந்தமாக ஒரு அமைப்பும் உண்டு. கவுன்சிலும் கம்பெனிகளும் அதனோடு உட்கார்ந்து பேசித்தான் ஒவ்வொரு கட்டத்தையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. மேல்மாடி அம்மா இங்கே இருந்திருந்தால், வீடு போகும், ஆனால் ஊர் போகாது என்று சொல்லியிருப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. பக்கத்து நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் உயரக் கட்டடங்களில் விற்பனைக்கானவையே அதிகம். மொத்த வீடுகள் இரண்டரை மடங்குக்கு மேல் கூடினாலும் சமூக வாடகை வீடுகள் அந்த அளவுக்குக் கூடவில்லை. வீட்டுக்காரர் கவுன்சில் என்பது போய் ஹவுசிங் அசோசியேஷன் என்று ஆகும்போது ஒப்பந்தமும் மாறுகிறது. அதைவிட, காலம். முதல் புதிய வீடுகள் எழும்பியது 2010 வாக்கில். கடைசிக் கட்டம் முடிய 2030களின் நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை கடைசிக் கட்டடத்தில் இருப்பவர் தூசியிலும் டிரில் சத்தத்திலும், "எப்படியும் இடிக்கப் போகிறோமே" என்ற பதிலிலும் வாழ வேண்டும். கொதிகலன் கெட்டால் அந்தப் பதில். சுவரில் ஈரம் ஏறினால் அந்தப் பதில். லிஃப்ட் நின்றாலும் அதேதான்.

மூன்றாவது, திருத்துவது. என் மனம் இதன் பக்கம்தான், மறைக்கவில்லை. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நல்லது என்று சொல்லிவிட முடியாது.

நல்லபடியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு பிரான்சில் போர்தோ நகரின் கிராண்ட் பார்க். லக்கட்டோன், வசால் என்ற இரு கட்டடக்கலைஞர்கள் மற்றவர்களோடு சேர்ந்து 530 அரசு வாடகை வீடுகளைத் திருத்தினார்கள். எதையும் இடிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கமாக, கிட்டத்தட்ட நான்கு மீட்டர் ஆழத்துக்கு, கண்ணாடி அடைத்த ஒரு புது அறையையும் பால்கனியையும் ஒட்டினார்கள். சின்ன ஜன்னல் இருந்த இடத்தில் வெளிச்சம் கொட்டும் இன்னொரு கூடம். வேலை நடக்கும்போது மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இதற்கு 2019இல் ஐரோப்பாவின் பெரிய கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது. பரிசு இருக்கட்டும், ஒரு குடும்பமும் முகவரி மாற வேண்டியிருக்கவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

லண்டனில் திருத்தும் வழிக்குச் சண்டை போட வேண்டியிருக்கிறது. லம்பெத் கவுன்சிலின் கிரெசிங்காம் கார்டன்ஸ், பிராக்வெல் பூங்காவை ஒட்டிய 306 வீடுகள். தாழ்வான, செங்கல் வீடுகள். பார்த்தால் கிராமம் போல இருக்கும். இங்கே ஆலோசனை நடந்துகொண்டிருக்கும்போதே, பணம் இல்லை என்று திருத்தும் யோசனைகளைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். குடியிருப்பாளர் தரப்பு வழக்குப் போட்டது. அப்படி எடுத்தது சட்டப்படி தவறு என்று 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே கவுன்சில் மறுபடியும் இடிப்பதாக முடிவெடுத்தது. வழக்கில் வென்றும் அவர்களுக்குக் கிடைத்தது நிம்மதி இல்லை, காலம் மட்டும்தான்.

திருத்துவதன் இருட்டான பக்கத்தையும் சொல்ல வேண்டும். மேற்கு லண்டனின் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடியும் திருத்தப்பட்ட கட்டடம்தான். 2016இல் வேலை முடிந்தது. செலவைக் குறைக்க, தீப்பிடிக்கக்கூடிய பலகைகளை வெளிச்சுவரில் பொருத்தினார்கள். 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயால் 72 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் முன்பே எழுதி எச்சரித்திருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. கிழக்கு லண்டனின் பால்ஃப்ரன் டவர் வேறு மாதிரி. கட்டடத்தை இடிக்கவில்லை, அழகாகத் திருத்தினார்கள், ஆனால் அதில் இருந்த சமூக வாடகைக்காரர்கள் யாரும் திரும்பி வரவில்லை. கட்டடம் பிழைத்தது, குடியிருந்தவர்கள் போனார்கள். இன்னொன்று, லீஸ்ஹோல்டர்களுக்குப் பெரிய திருத்த வேலையின் பங்காகப் பல்லாயிரம் பவுண்டு பில் வரலாம். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அதுவும் வெளியேற்றம்தான்.

சரி, அப்படியானால் கையேடு வரும்போது எதைப் பார்ப்பது? முதலில் நீங்கள் யார் என்று பாருங்கள், ஏனென்றால் ஒரே கட்டடத்தில் ஒரே மாடியில் இருக்கும் நால்வருக்கு நான்கு விதமான கதி. நிரந்தர உரிமை உள்ள கவுன்சில் வாடகைக்காரருக்கு மாற்று வீடு கிடைக்கும். ஒரு வருடமாவது இருந்திருந்தால் வீடிழப்பு ஈடாக 8,000 பவுண்டுக்கு மேல் ஒரு தொகையும், மாறும் செலவும் சட்டப்படி சேரும். அங்கேயே வாழும் லீஸ்ஹோல்டருக்கு வீட்டு மதிப்போடு அதில் 10 சதவீதம் சேரும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கவுன்சில் தற்காலிகமாகக் குடியமர்த்திய குடும்பத்துக்குப் பெரும்பாலும் திரும்பி வரும் உரிமை கிடையாது. லீஸ்ஹோல்டரிடம் வாடகைக்கு இருப்பவர் பெரும்பாலும் யார் கணக்கிலும் வருவதில்லை. நம்மவர்களில் பலர் இந்தக் கடைசி இரண்டில்தான் இருக்கிறார்கள்.

அடுத்தது, "அஃபோர்டபிள்" என்ற சொல். அது சமூக வாடகை அல்ல. 2011க்குப் பிறகு அஃபோர்டபிள் ரென்ட் என்றால் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். "பாதி வீடுகள் அஃபோர்டபிள்" என்று படித்து மகிழ்ந்துவிடாதீர்கள்; அந்தப் பாதியில் சமூக வாடகை எத்தனை என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். சதவீதம் வேண்டாம். இப்போது எத்தனை, முடியும்போது எத்தனை, எத்தனை படுக்கையறை.

வாக்கெடுப்பு விஷயம். 2018 ஜூலையில் இருந்து, லண்டன் மேயரின் நிதியில் 150 வீடுகளோ அதற்கு மேலோ கட்ட ஏற்கனவே உள்ள சமூக வீடுகளை இடிப்பதானால் குடியிருப்பாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இது நல்ல மாற்றம். பெரும்பாலான இடங்களில் "ஆம்" வென்றிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஈரச் சுவருக்குள் நான்கு பேர் ஒரே அறையில் படுக்கும் குடும்பம் புது வீடு வேண்டும் என்று சொல்வதைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் வாக்குச் சீட்டில் பெரும்பாலும் ஆம், இல்லை இரண்டுதான். திருத்துவது அங்கே ஒரு தேர்வாக இருக்காது. அதனால் சண்டை போட வேண்டிய நேரம் வாக்கெடுப்பு நாள் அல்ல, அதற்கு ஒரு வருடம் முன்பு, கையேடு எழுதப்படும் நேரம்.

அந்த அம்மாவிடம் கடைசியில் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். என் புது வீடு எழும்பிய பிறகுதான் பழையது இடியுமா? நான் ஒரு தடவைதான் மாறுவேனா, இரண்டு தடவையா? வாடகையும் சர்வீஸ் சார்ஜும் எவ்வளவு? இதே உரிமை எனக்குப் பின் என் கணவருக்குத் தொடருமா? கூட்டத்தில் அவர் கையை உயர்த்தித் தமிழில் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். வந்திருந்த அதிகாரி முதல் கேள்விக்கே, அது பரிசீலனையில் இருக்கிறது என்றார். அம்மா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப எழுத்தில தரச் சொல்லும் தம்பி" என்றார்.