4 கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவை நம்பி மின் எஸ்யூவிக்கு முன்பணம் கட்டாதீர்கள்

பெட்ரோல் வண்டிக்குச் செய்வது போலவே மின் எஸ்யூவிக்கும் ஷோரூமைச் சுற்றி 4 கிலோமீட்டர் ஓட்டக் கொடுக்கிறார்கள். ஏசி முன்பே ஓடிக் குளிர்ந்திருக்கும். பேட்டரி 95 சதவீதம், ஸ்போர்ட் மோட். ஒரே மிதி, வண்டி பாயும். இறங்கியதும் "சார், ஆஃபர் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்" என்று முன்பதிவுப் படிவத்தை நீட்டுவார்கள். பிறகு முதல் நெடும்பயணத்தில் விக்கிரவாண்டிப் பக்கம் சார்ஜருக்கு வரிசையில் நிற்கும்போதுதான், அந்த 4 கிலோமீட்டரில் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை என்பது உறைக்கும்.

கணக்கைப் பாருங்கள். திரையில் பேட்டரி அளவு தசமம் இல்லாத முழு எண் சதவீதமாகத்தான் தெரியும். 4 கிலோமீட்டரில் 1 சதவீதம் குறைந்தால் அது 400 கிலோமீட்டர் ஓடும் வண்டி. 2 சதவீதம் குறைந்தால் 200 கிலோமீட்டர் வண்டி. எந்த நொடியில் எண் மாறுகிறது என்பதைப் பொறுத்து இரண்டில் எதுவும் வரலாம். பக்கத்திலேயே "இன்னும் இவ்வளவு ஓடும்" என்று காட்டும் எண்ணும் சாட்சி இல்லை. கொஞ்ச நேரம் முன்பு வண்டி எப்படி ஓட்டப்பட்டதோ அதை வைத்துப் போடும் ஊகம் அது. டெமோ வண்டி நாள் முழுக்க ஊருக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்திருக்கும். எண் அழகாகத்தான் இருக்கும்.

ஒரே சார்ஜில் எவ்வளவு ஓடும் என்ற சான்றிதழ் எண்ணும் அப்படித்தான். அந்த எண்ணைத் தரும் எம்ஐடிசி என்ற இந்திய ஆய்வகச் சோதனையில் உச்ச வேகமே 90தான், அதுவும் கொஞ்ச நேரம். 45 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி கொண்ட நெக்ஸான் மின்வண்டிக்குச் சான்றிதழில் 489 கிலோமீட்டர். சாலையில் 350 முதல் 370 வரை எதிர்பார்க்கலாம் என்று அந்த நிறுவனமே சி75 என்ற பெயரில் தனியாகச் சொல்கிறது. விற்பவர் வாயில் முதல் எண் மட்டும்தான் வரும்.

ஆகவே 40 கிலோமீட்டராவது கேளுங்கள். மறுத்தால் வேறு டீலரிடம் போங்கள், அல்லது அதே வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். ஒரு கார் வாங்கும் செலவில் அது பெரிய காசு இல்லை. சென்னையில் என்றால் கூடுவாஞ்சேரி நெரிசலில் அளந்து பயனில்லை. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டி மதுராந்தகம் பக்கம் 20 கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்புங்கள். காற்று ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் பெருமளவு ஈடுகட்டிவிடும். நான்கு பேர், ஏசி 24, வேகம் 90 முதல் 100. கிளம்பும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, சதவீதத்தைப் போட்டோ எடுங்கள். 40 கிலோமீட்டருக்கு 14 சதவீதம் குறைந்தால், ஒரு சதவீதத்துக்கு 2.86 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் யாரும் 100இலிருந்து பூஜ்யம் வரை ஓட்டுவதில்லை. 90இலிருந்து 10 வரை 80 சதவீதம்தான் கையில். ஆக 229 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330. "ஒரே சார்ஜ்ல திருச்சி சார்" என்றவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஓட்டிய வண்டி உச்ச வேரியன்ட், முன்பதிவு செய்வது நடு வேரியன்ட் என்பது இன்னொரு வழக்கமான வழுக்கல். பேட்டரி அளவும் டயர் அளவும் வேறாக இருக்கலாம். அப்படியானால் அளந்த கணக்கு செல்லாது.

திரும்பும் வழியில் ஒரு டிசி (வேக) சார்ஜரில் வண்டியைச் செருகிப் பாருங்கள். "10இலிருந்து 80க்கு 40 நிமிஷம்" என்பது வண்டி ஏற்கும் உச்ச அளவுக்குச் சார்ஜரும் கொடுத்தால்தான். இரண்டு வண்டிகளைச் செருகக்கூடிய 60 கிலோவாட் இரட்டைத் துப்பாக்கிச் (கன்) சார்ஜர் பலவற்றில் பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து செருகினால் வண்டிக்கு 30 கிலோவாட்தான். வீட்டுக் கணக்கும் போடுங்கள்: 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் சொச்சம், 45 யூனிட் நிரம்ப ஏறக்குறைய 15 மணி நேரம். எர்த்திங் சரியில்லாத வீட்டில் சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி நின்றுவிடும். "வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) இலவசம்" என்றால் எத்தனை மீட்டர் கேபிள் வரை இலவசம், மின்வாரியத்தில் லோடு கூட்ட ஆகும் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள்.

பெரிய ஏமாற்று டெமோ வண்டியில்தான். "1,800 கிலோமீட்டர்தான் ஓடியது, ஒன்றரை லட்சம் தள்ளுபடி" என்பார்கள். அது டீலர் பெயரில் ஏற்கெனவே பதிவானது என்றால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். பேட்டரிக்கு ஆயுள் வாரன்டி என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் அதை முதல் உரிமையாளருக்குத்தான் தருகின்றன. கை மாறினால் வருடமும் கிலோமீட்டரும் வைத்து வரம்பு வந்துவிடும். வண்டியில் விலை அதிகமான பாகமே பேட்டரிதான். ஒன்றரை லட்சத்துக்கு அந்த வாரன்டியை விற்பதா? பதிவு எண்ணை எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் போட்டு உரிமையாளர் விவரத்தைப் பாருங்கள். புது வண்டி என்றே கொடுத்தாலும் சேசிஸ் எண்ணோடு இருக்கும் உற்பத்தி மாதத்தையும், டயரில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். இதெல்லாம் பதிவுக்கு முன்பே. பச்சை நம்பர் பிளேட் மாட்டிய பிறகு வாதாடிப் பயனில்லை.

முன்பணத்தை விற்பனையாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பவே கூடாது. டீலரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, வேரியன்ட், பேட்டரி அளவு, நிறம், திருப்பித் தரும் நிபந்தனை நான்கும் எழுதிய ரசீது வாங்குங்கள். "டெஸ்ட் டிரைவ் வேணும்னா புக்கிங் போடணும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

பணம் மாட்டிக்கொண்டால் முதலில் டீலருக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல்; போனில் பேசியது எங்கும் நிற்காது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள். அப்போது டிரிப் மீட்டர் போட்டோவும் ரசீதும் கையில் இருக்க வேண்டும்.