சோஃபியா பிளாக்மோர் நடைப்பயணம்: கட்டாயம் போங்கள், ஆனால் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் நின்று கேளுங்கள்

போன சனிக்கிழமை காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு, மிஷனரி சோஃபியா பிளாக்மோர் வேலை செய்த இடங்களைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணத்துக்குப் போய்வந்தேன். சிங்கப்பூரில் இந்த மாதிரி நடைகளுக்குக் குறைவில்லை, பெரும்பாலும் சாப்பாடு அல்லது போர்க்காலக் கதை என்றுதான் இருக்கும். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக மட்டும் இரண்டரை மணி நேரம் என்று பார்த்ததுமே பதிவு செய்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வழிகாட்டியாக வந்த இளைஞர் நன்றாகக் கதை சொல்கிறார். நியூ சவுத் வேல்ஸில் கோல்பர்ன் என்ற ஊரில் 1857-இல் பிறந்த ஆஸ்திரேலியப் பெண் எப்படி மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் அமெரிக்கப் பெண்கள் சங்கத்தின் ஊழியராக இங்கே வந்தார் என்பது எனக்கு எப்போதும் குழப்பமாகவே இருந்தது. வழிகாட்டி அதை எளிதாக விளக்கினார். மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்டம் 1886-இல் இங்கே ஆங்கிலோ-சைனீஸ் பள்ளியைத் தொடங்கிப் பையன்களுக்கு வழி செய்துவிட்டார், பெண் பிள்ளைகளுக்கு யாரும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா பக்கத்துப் பெண்கள், மேரி நைண்ட் என்பவர் முன்னின்று சொல்ல, பணம் தருவதாகப் பொறுப்பேற்றார்கள். 1887 ஜூலையில் பிளாக்மோர் வந்து இறங்கினார். அடுத்த மாதமே பள்ளி ஆரம்பம்!

இங்கேதான் என் குறை. அந்தப் பள்ளி ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில், ஒன்பது பெண் பிள்ளைகளோடு தொடங்கியது. ஒன்பது பேரும் தமிழ்ப் பிள்ளைகள். பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும் அந்தப் பெரிய பள்ளியின் முதல் வகுப்பு நம் வீட்டுப் பிள்ளைகளால் ஆனது. அந்தத் தெருவில் வழிகாட்டி நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது. தெருவில் இன்றைக்கும் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது, அதைக் கையால் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். அம்மா மட்டும் நின்றுவிட்டார். "அந்தக் காலத்துல பொண்ண வீட்டு வாசல் தாண்ட விட்ட அப்பன் யாருன்னு கேளும்மா" என்றார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். தமிழ் வணிகர்களின் மகள்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியிலிருந்துதானே கதையே தொடங்க வேண்டும்? 1887-இல் இந்தத் தீவில் கடை வைத்துப் பிழைத்த ஒரு தமிழர், முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண்ணை நம்பித் தன் மகளை அனுப்புகிறார் என்றால், அது பிளாக்மோரின் துணிச்சலுக்குச் சற்றும் குறைந்தது இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, அதற்குப் பிறகு வந்த பகுதி அருமை. 1888-இல் கிராஸ் ஸ்ட்ரீட்டில், டான் கியோங் சாய்க் என்ற சீனர் உதவியோடு, பிளாக்மோர் நியோன்யாப் பிள்ளைகளுக்கு (இங்கேயே வேரூன்றிய பெரனாக்கான் சீனக் குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்கு) வகுப்பு தொடங்கியது, வீடு வீடாக ஏறி இறங்கித் தாய்மாரிடம் பேசியது, அதற்காகவே அவர்கள் பேசும் பாபா மலாய் மொழியைக் கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் பழைய படங்களை வைத்துச் சொன்னார். படிக்க வைத்து என்ன, எங்கள் பெண்கள் சம்பாதிக்கவா போகிறார்கள் என்ற பேச்சையும் தாண்டித்தான் ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்துவர வேண்டியிருந்தது என்றபோது அம்மா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அவரை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர்களும் இதையேதான் சொன்னார்களாம்.

மவுண்ட் சோஃபியா ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காகப் பிளாக்மோர் நடத்திய நைண்ட் விடுதியைப் பற்றி இங்கேதான் சொல்கிறார்கள். ஒரு திருத்தம்: குன்றின் பெயர் இவரால் வந்தது என்பது போல வழிகாட்டி பேசினார். அது தவறு. அவர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பெயர் இருந்தது. அவர் பெயரைத் தாங்கியிருப்பது 1992-இல் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி இடம் மாறிப்போன பிளாக்மோர் டிரைவ் என்ற சாலை.

நடை முடிவது கம்போங் கபோர் மெதடிஸ்ட் தேவாலயத்தில். 1894-இல் மலாய் மொழி வழிபாடாகத் தொடங்கிய சபை, இப்போதுள்ள கட்டடம் 1930-இல் வந்தது. நம் பெரியவர்கள் இந்தப் பக்கத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்பார்கள். தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா பக்கம்) எத்தனையோ முறை வந்திருக்கிறேன், அந்த வாசலில் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. பிளாக்மோர் நாற்பது ஆண்டுக்கு மேல் இங்கே உழைத்துவிட்டு 1928-இல் ஓய்வு பெற்றார், 1945-இல் ஆஸ்திரேலியாவில் காலமானார். வழிகாட்டி இதைச் சொன்ன விதத்தில் மரியாதை இருந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மற்ற ஒன்று ஷார்ட் ஸ்ட்ரீட்டுக்காகப் பிடித்துக்கொண்டது. தமிழில் ஒரு நடை வையுங்கள், ஷார்ட் ஸ்ட்ரீட்டில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் போய்வந்தால் அதையே எழுதுங்கள், நாலு பேர் கேட்டால்தான் செய்வார்கள். காலை நடையையே எடுங்கள், மதியம் குன்றில் நிழல் குறைவு.