பழைய லென்ஸ், புதிய கமரா: திருகோணமலையில் எதை எதோடு பூட்டலாம்?

வீட்டு அலுமாரியில் ஃபிலிம் காலத்து லென்ஸ் ஒன்று கிடக்கிறது, கையில் டிஜிட்டல் கமரா இருக்கிறது. நடுவில் ஒரு அடப்டர் வளையம் போட்டால் சரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் லென்ஸ் உட்காரும் தட்டுக்கும் சென்சருக்கும் இடையிலுள்ள தூரம்தான் எதையும் தீர்மானிக்கும். பழைய லென்ஸ் வகைகளில் நிக்கொன் எஃப் லென்ஸுக்கு அது 46.5 மி.மீ., எம்42 திருகு லென்ஸுக்கு 45.46, கெனன் எஃப்டிக்கு 42. கமரா பக்கம் பார்த்தால், உள்ளே மிரர் உள்ள டிஎஸ்எல்ஆர்களில் நிக்கொன் 46.5, கெனன் 44; மிரர் இல்லாத மிரர்லெஸ் கமராக்களில் கெனன் ஆர்எஃப் 20, சோனி ஈ 18, நிக்கொன் இசட் 16. லென்ஸின் எண் பெரிதாக இருந்தால் மிச்சத்தை அடப்டர் நிரப்பிவிடும். கமராவின் எண் பெரிதாக இருந்தால் வெறும் வளையத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எவ்வளவு பாதிக்கும்? 50 மி.மீ. எம்42 லென்ஸை நிக்கொன் டிஎஸ்எல்ஆரில் பூட்டினால் குறைந்தது 1.04 மி.மீ. கூடிவிடுகிறது. அந்த ஒரு மில்லிமீற்றரால் லென்ஸ் ஏறக்குறைய 2.4 மீற்றருக்கு அப்பால் எதையும் கூர்மையாகக் காட்டாது. டச்சு பே கரையில் கரைவலை இழுக்கிறவர்களை எடுக்கப் போனால் கயிற்றின் முதல் ஆள் மட்டும் தெளிவு, மற்ற எல்லாரும் மங்கல். இதைச் சரிசெய்ய நடுவில் கண்ணாடி வைத்த அடப்டர்கள் விற்கின்றன. அவற்றில் மலிவானவை முழுத் திறப்பில் (ஒளி புகும் துளையை முழுக்கத் திறந்தால்) படத்தின் கூர்மையையும் வெளிச்ச-இருள் வேறுபாட்டையும் கெடுத்துவிடும். நல்ல லென்ஸுக்கு அப்படியொரு கண்ணாடியைப் பின்னால் வைப்பது வீண் செலவு.

ஆகவே நிக்கொன் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு நிக்கொனின் பழைய லென்ஸ்களே வழி. அடப்டரே தேவையில்லை. ஆனால் மொடலைப் பார்க்க வேண்டும். டி7000, டி750 போன்றவற்றில் லென்ஸின் திறப்பு வளையத்தோடு தொடுக்கும் சிறு நெம்பு உண்டு. மெனுவில் குவியத் தூரத்தையும் (லென்ஸில் உள்ள 50 மி.மீ. போன்ற எண்) அதிகபட்சத் திறப்பையும் பதிந்தால் வெளிச்சத்தைக் கமராவே அளக்கும். டி3000 வரிசையில் அந்த நெம்பு இல்லை. மனுவல் முறையில் ஒரு படம் எடுத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துத்தான் ஷட்டர் வேகத்தைத் திருத்த வேண்டும். 1977க்கு முந்திய, ஏஐ (அந்த நெம்புக்கு ஏற்ற வளையம்) ஆக மாற்றப்படாத லென்ஸை மட்டும் நெம்பு உள்ள கமரா உடலில் வலிந்து திருப்ப வேண்டாம், நெம்பு உடையும்.

கெனன் டிஎஸ்எல்ஆருக்கு எஃப்டி பொருந்தாது, எம்42 நன்றாகப் பொருந்தும். 1.46 மி.மீ. இடைவெளிக்கு ஒரு மெல்லிய வளையம் போதும். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, லென்ஸின் பின்னாலுள்ள சிறு ஊசி. ஊசியை அழுத்தினால்தான் திறப்பு இதழ்கள் மூடும். லென்ஸில் தானியங்கி, மனுவல் என்று மாற்றும் விசை இல்லாவிட்டால், உள் விளிம்பால் ஊசியை அழுத்தும் அடப்டரையே கேட்டு வாங்க வேண்டும். இரண்டு, முழுச் சட்டக (சென்சர் ஃபிலிம் அளவிலேயே உள்ள) உடல்களில் சில லென்ஸ்களின் பின்கண்ணாடி கமராவின் மிரரில் தட்டும். முதலில் லென்ஸை மிகக் கிட்டிய தூரத்தில் வைத்து ஒரு படம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முடிவிலிக் குறியை (மிகத் தொலைவு, ∞) நோக்கித் திருப்பி ஒவ்வொரு படம். மிரர் விழும் சத்தம் மாறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இப்படி அடப்டர் போட்ட டிஎஸ்எல்ஆரில் திறப்பை எஃப்/8க்கு மூடினால் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) வியூஃபைண்டர் இருண்டு விடும். இதற்குக் கெட்டித்தனமான விடை எம்42 வகைச் சோவியத் ஹீலியோஸ் 44-2 லென்ஸில் இருக்கிறது. 58 மி.மீ., எஃப்/2, எட்டு இதழ்கள். அதில் திறப்புக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எஃப்/8 என்று குறித்து வைத்துவிட்டு மற்றதை ஒரு பக்கம் திருப்பினால் முழுத் திறப்பு, மறுபக்கம் திருப்பினால் கையில் முட்டி எஃப்/8இல் நிற்கும். வெளிச்சத்தில் ஃபொக்கஸ் பிடித்து, கண்ணை எடுக்காமலே மூடி, அமுக்கலாம். ஆனால் அதன் கண்ணாடியில் எதிரொளியைக் குறைக்கும் மேற்பூச்சு ஒற்றைப் படலம். சுவாமி மலையில் கடலுக்கு மேல் எழும் சூரியனை நேரே பார்த்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல் வெளிறும். 49 மி.மீ. ஹூட் (லென்ஸின் முன் மறைப்பு) ஒன்று போட்டால் பக்கவாட்டு வெளிச்சம் குறையும். சூரியன் சட்டகத்துக்குள் வந்தால் ஹூட் உதவாது.

மிரர்லெஸ் கமரா கையில் இருந்தால் கதையே வேறு. மேலே சொன்ன எல்லாம் ஏறும், எஃப்டி உட்பட. எங்கள் தெரிவும் அதுதான்: எஃப்டி 50 மி.மீ. எஃப்/1.8, மிரர்லெஸ் உடல். கெனன் டிஎஸ்எல்ஆர்களில் எஃப்டிக்கு இடமில்லாததால் அது நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த லென்ஸ். அடப்டரில் பூட்டு வளையம் ஒன்று இருக்கும். லென்ஸைப் பொருத்திய பின் அதை ‘லொக்’ பக்கம் திருப்பாவிட்டால் எந்த எண்ணை வைத்தாலும் இதழ்கள் அசையாது. லென்ஸ் பழுது என்று பலர் திருப்பிக் கொடுப்பது இதனால்தான். கமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்பதை இயக்க வேண்டும். உடலுக்குள் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசர் இருந்தால் லென்ஸில் எழுதியிருக்கும் உண்மையான குவியத் தூரத்தையே, 50 என்றால் 50 என்றே, பதிய வேண்டும், சிறிய சென்சர் கமராக்களுக்கு வழக்கமாகச் செய்வது போல் 1.5ஆல் பெருக்கக் கூடாது.

குவியம் குறைக்கும் 0.71 மடங்கு அடப்டர் ஏபிஎஸ்-சி போன்ற, முழுச் சட்டகத்தைவிடச் சிறிய சென்சர் உள்ள உடலுக்கு மட்டும் பயன். 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 36 ஆகும், ஒரு ஸ்டொப் வெளிச்சம் கூடும், அதாவது இரு மடங்காகும். மூலைகள் மென்மையாகும். அதை வாங்கும் காசில் 28 மி.மீ. லென்ஸ் ஒன்று தேடுவது நல்லது.

எந்த வழியானாலும் அடப்டரைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். 0.05 மி.மீ. தடித்திருந்தாலே 50 மி.மீ. லென்ஸ் 50 மீற்றரோடு நின்றுவிடும், 28 மி.மீ. லென்ஸ் 16 மீற்றரோடு. அதனால் மலிவான அடப்டர்களைச் சற்று மெல்லியதாகவே செய்கிறார்கள். அவற்றில் குறிக்கு முன்னரே முடிவிலி வந்துவிடும், தூர எண்கள் பொய்யாகும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் காலையில் நின்று, தொலைவில் நிற்கும் கப்பலின் கொடிமரத்தைத் திரையில் 10 மடங்கு பெருக்கி, வளையத்தை முடிவிலி வரை திருப்பிப் பாருங்கள். கூர்மை வந்து, தாண்டி, மங்கினால் பயன்படுத்தலாம். முட்டும்வரை திருப்பியும் கூர்மை வராவிட்டால் மாற்ற வேண்டும்.

இனி நம் காற்று. மாரி காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் வீசும் வெயிலில் வாகனத்துக்குள் விட்ட லென்ஸில் கிரீஸ் இளகி இதழ்களில் எண்ணெய் படியும். வாங்கும்போது லென்ஸைத் திறந்து வைத்து, பின்புறம் போன் டோர்ச் அடித்து, முன்னால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய் படிந்த இதழ் நிக்கொன் டிஎஸ்எல்ஆரில் பெரிய குறை. ஷட்டர் திறக்கும் கணத்தில்தான் அங்கே இதழ் மூடுகிறது. பிந்தினால் படம் வெளிறும். அடப்டர் வழியில் இதழ்களை முன்கூட்டியே நாமே மூடிவிடுவதால் அதே லென்ஸ் அங்கே வேலை செய்யும்.

தோல் உறையில் வைக்க வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. முள் 45க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். 60 தாண்டினால் ஜெல்லை 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தி மறுபடி போடலாம்.