த்ரீடி எலிவேஷன் என்று ரூ. 38,500 பறிபோனது: வீடு கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்கு டூடி பிளானும் (அறைகளின் தரை வரைபடம்) த்ரீடி எலிவேஷனும் (வீட்டின் வெளித்தோற்றப் படம்) வரைந்து வாங்க இணையத்தில் ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ரூ. 38,500 கட்டினேன். கைக்கு வந்தவை, அளவு பொய்யாக எழுதப்பட்ட ஒரு பிளானும், கணினியில் உருவாக்கிய எந்த த்ரீடி மாடலிலிருந்தும் எடுக்கப்படாத இரண்டு படங்களும்தான். பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற கடைசிப் பதில் நேற்று இரவு வந்தது. என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் மனை திருச்சிக்கு வெளியே இருக்கிறது. 30க்கு 40, அதாவது 1,200 சதுர அடி. தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும் போடுவதாகத் திட்டம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் இத்தகைய வீடுகளுக்கு, 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று உரிமையாளரே உறுதி கூறுகிற முறை என்பதால், பிளானில் பிழை இருந்தால் மாட்டிக்கொள்வது வரைந்தவர் அல்லர், நாம்தான். அதனால்தான் தெரிந்தவர் மூலம் மலிவாக முடிக்காமல், வடிவமைப்பு வேலைகளுக்கு ஆட்களை அமர்த்தித் தரும் ஓர் இணையதளத்துக்குச் சென்றேன். வேலை முடியும்வரை பணம் தங்களிடமே பத்திரமாக இருக்கும் என்று அவர்கள் முகப்பிலேயே எழுதியிருந்தார்கள். வொர்க்கிங் டிராயிங் (அளவுகளோடு கட்டுவதற்கான வரைபடம்), பகல், இரவு என இரண்டு எலிவேஷன், வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போன்ற ஒரு வாக்த்ரூ வீடியோ, எல்லாம் சேர்த்து ரூ. 38,500 என்று பேசி முடித்தோம்.

நம்பிக்கை வந்தது அந்த வீடியோ அழைப்பில்தான். வரைபவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். தம் திரையைப் பகிர்ந்து, ஏற்கெனவே செய்ததாக ஒரு வீட்டை ஸ்கெட்ச்அப் என்ற த்ரீடி மென்பொருளில் திறந்து, சுற்றிச் சுற்றிக் காட்டினார். மாதத்தையும் நேரத்தையும் நகர்த்தி, சித்திரை மாதத்து மாலை வெயில் போர்டிகோவில் எதுவரை ஏறும் என்று நிழலோடு காட்டியபோது, தொழில் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "தம்பி, கீழ் ரூம் பதினொரு அடி இருக்கணும்ப்பா. எனக்கு முட்டிவலி. கட்டிலைச் சுத்தி வாக்கர் வச்சு நடக்கணும்" என்றார். "கண்டிப்பா பண்ணிடலாம்மா, நீங்க கவலையே படாதீங்க" என்றார் அவர். அன்று மாலையே முழுத் தொகையையும் அந்தத் தளத்திலேயே கட்டினேன்.

பிளான் வந்தது. அறை 11 அடி என்று தெளிவாக எழுதியிருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தார். மனையில் கயிறு கட்டி மார்க்கிங் செய்ய வந்த மேஸ்திரிதான் முதலில் நிறுத்தினார். "சார், கூட்டினா வரலையே" என்றார். மனையின் அகலம் 30 அடி. இரு பக்கமும் மும்மூன்று அடி விட்டால் கட்டடத்துக்கு 24 அடி. பிளானிலும் மொத்த அகலம் 24 அடி என்றே இருந்தது. ஆனால் ஹால் 12 அடி, அறை 11 அடி, மூன்று ஒன்பது அங்குலச் சுவர்கள் சேர்ந்து 2 அடி 3 அங்குலம் என்று கூட்டினால் 25 அடி 3 அங்குலம் வருகிறது.

வரைவாளராக வேலை செய்யும் நண்பர் அந்தக் கோப்பை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, அறையின் இரு சுவர்களுக்கும் நடுவே அளந்து காட்டினார். உண்மையான நீளம் 9 அடி 9 அங்குலம். ஆட்டோகேடில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் அளவை மென்பொருளே கணக்கிட்டு எழுதும்; ஆனால் அந்த எண்ணை அழித்துவிட்டு நாம் விரும்பியதைத் தட்டச்சு செய்யவும் அதில் வழி உண்டு. அதைத்தான் செய்திருக்கிறார்கள். சுவரை நகர்த்தினால் ஹாலையும் படிக்கட்டையும் மறுபடி வரைய வேண்டும் என்பதற்காக, கோட்டை அப்படியே விட்டுவிட்டு எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மூட்டுவலியோடு நடக்கும் ஒரு வயதான பெண்மணி வாய்விட்டுக் கேட்ட ஒன்றேகால் அடியைக் காகிதத்தில் மட்டும் கொடுத்து ஏமாற்ற எப்படி மனம் வந்தது?

அதன் பிறகுதான் எலிவேஷன் படங்களை ஊன்றிப் பார்த்தோம். பகல் படத்தில் மாடி பால்கனிக்கு இரண்டு தூண்கள், இரவுப் படத்தில் மூன்று. சிட்அவுட் கிரில்லின் கம்பிகள் நடுவில் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கின்றன. பிளானில் கழிவறை இருக்கும் இடத்தில் பெரிய பிரெஞ்சு ஜன்னல். மாடல் என்று ஒன்று இருந்திருந்தால் பகலுக்கும் இரவுக்கும் வெளிச்சம்தான் மாறும், தூணின் எண்ணிக்கை எப்படி மாறும்? செயற்கை நுண்ணறிவுச் செயலியில் உருவாக்கிய படங்களை ரெண்டர் (மாடலிலிருந்து கணினி எடுத்துத் தரும் படம்) என்று சொல்லித் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்பதே நண்பரின் முடிவு, என் முடிவும். வாக்த்ரூ வீடியோ இன்றுவரை வரவில்லை.

வரைந்தவரிடம் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு பதில். முதலில், ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது என்றார். ரெண்டர் உண்மையிலேயே மணிக்கணக்கில் ஓடக்கூடிய வேலை என்பதால் பொறுத்தேன். அளவைப் பற்றிக் கேட்டதும், "ஒன்றேகால் அடிதானே சார், சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். ஸ்கெட்ச்அப் கோப்பைக் கேட்டதும், அது பேக்கேஜில் இல்லை, தனியாக ரூ. 6,000 ஆகும் என்றார். இல்லாத மாடலுக்கு விலை! பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவுக்கு அளந்து பார்த்ததன் ஸ்கிரீன்ஷாட்களோடு எழுதினேன். கோப்புகள் பதிவேற்றப்பட்டுவிட்டதால் பணி நிறைவுற்றதாகக் கருதப்பட்டுத் தொகை விடுவிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தீர்களா என்று மறுபடி எழுதினேன். வேறொரு பெயரில் அதே வாக்கியம் திரும்பி வந்தது. ரூ. 38,500இல் தங்கள் கமிஷனைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு ஒரு கோப்பைத் திறந்து பார்க்க நேரமில்லை. பத்திரமாக இருக்கும் என்று சொன்னது யாருக்குப் பத்திரம்?

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். நுகர்வோர் புகாருக்கு ஆவணங்களை எடுத்துவைக்க வேண்டியிருப்பதால் முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃப் மட்டும் வாங்காதீர்கள், டிடபிள்யூஜி எனும் ஆட்டோகேட் கோப்பையும் த்ரீடி மாடல் கோப்பையும் தருவதாக எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். அறை அளவுகளோடு சுவர்க் கனத்தையும் நீங்களே கூட்டி, மொத்தத்தோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். இறுதிப் படத்துக்கு முன், உங்கள் வீட்டின் மாடலை அழைப்பில் திறந்து, நீங்கள் கேட்கும் பக்கமெல்லாம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்; வேறு யாருடைய வீட்டையோ காட்டினால் ஏற்காதீர்கள். ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டால் அவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் பதிவெண்ணைக் கேளுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டச் சொன்னால் விலகிவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் உரையாடல்களை அழிக்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். நான் இன்று காலை அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன்.